பொருட்பாடம் முதல் சூழ்நிலையியல் வரை: தொடக்கப்பள்ளி உயிரினப் பாடத்தின் வரலாறும் அதன் பெயர்ச்சொற்களும்

முன்னுரை

உயிருள்ளவை, உயிரற்றவை என்னும் பகுப்பு தொடக்கப்பள்ளி அறிவியலின் முதற்படியாக அமைகின்றது. அதனை அடுத்துத் தாவரங்கள், விலங்குகள், அவற்றின் உணவு, உறைவிடம், அவை வாழும் நீரும் நிலமும் என்ற வரிசையில் பாடம் விரிகின்றது. இன்று எளிமையாகத் தோன்றும் இப்பாடம் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக் கால வரலாற்றை உடையது. பொருட்பாடம், இயற்கைப் பாடம், பொது அறிவியல், சுற்றுப்புறக் கல்வி, சூழ்நிலையியல் என அது காலந்தோறும் வெவ்வேறு பெயர்களைப் பெற்று வந்துள்ளது. ஒவ்வொரு பெயர்மாற்றத்திற்கும் பின்னால் ஒரு கல்விக் கொள்கை உண்டு.

இக்கொள்கைகள் தம்முள் வேறுபட்டனவாயினும் ஒரு கருத்தில் ஒன்றுபடுகின்றன. குழந்தை தன் கண்முன் உள்ள உயிர்களிலிருந்தே கற்றல் வேண்டும் என்பதே அக்கருத்தாகும். ஆனால் கண்முன் உள்ள உயிரைக் குழந்தை எந்த மொழியில், எந்தப் பெயரால் அறிகின்றது என்னும் வினா இவ்வரலாற்றில் போதிய கவனம் பெறவில்லை. ஒரு மொழி மட்டும் வழங்கும் சிற்றூரில் இவ்வினா எழாமல் போகலாம். பல மொழிகள் ஒரே தெருவில் வழங்கும் நகர்ப்பகுதியில் இது தவிர்க்க இயலாத வினாவாகி விடுகின்றது. ஐதராபாத்தின் மல்காஜ்கிரி அத்தகைய பகுதியாகும். உயிரினப் பாடத்தின் வரலாற்றைச் சுருக்கமாக வரைந்து, அப்பாடத்தின் பெயர்ச்சொற்கள் மல்காஜ்கிரியில் வாழும் ஒரு தமிழ்க் குழந்தையிடம் எவ்வாறு சென்று சேர்கின்றன என ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மல்காஜ்கிரி: இடமும் மொழிகளும்

மல்காஜ்கிரி, செகந்திராபாத்தை ஒட்டி அமைந்த பகுதியாகும். தனி நகராட்சியாக இருந்த இது 2007இல் பெருநகர் ஐதராபாத் மாநகராட்சி உருவானபோது அதனுடன் இணைக்கப்பட்டது. 2016 அக்டோபரில் தெலங்கானா மாவட்டங்கள் சீரமைக்கப்பட்டபோது மேட்சல்-மல்காஜ்கிரி என்னும் மாவட்டப் பெயரிலும் இடம் பெற்றது. தக்காணத்துக் கருங்கற்பாறை நிலத்தில் மழைநீரைத் தேக்கப் பழங்காலத்தார் அமைத்த ஏரிகள் பல இப்பகுதியில் உள்ளன. சபீல்குடா ஏரி அவற்றுள் ஒன்று. முன்பு வயல்களுக்கு நீர் தந்த இவ்வகை ஏரிகளைச் சுற்றி இன்று குடியிருப்புகள் நெருங்கியுள்ளன.

இப்பகுதியின் மொழிச் சூழலை அறியச் செகந்திராபாத்தின் வரலாற்றை நோக்குதல் வேண்டும். 1798இல் நிசாமுக்கும் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் ஏற்பட்ட உடன்படிக்கையின் பயனாக இங்குப் படைவீடு அமைந்தது. 1806இல் அது சிக்கந்தர் ஜாவின் பெயரால் செகந்திராபாத் எனப்பட்டது. சென்னை மாகாணப் படையுடனும், படைக்குப் பொருள் வழங்கிய வணிகத்துடனும், பின்னர் இருப்புப்பாதைப் பணியுடனும் தமிழ் பேசுவோர் இங்கு வந்து குடியேறினர். செகந்திராபாத்தின் பழைய கல்வி நிலையங்களுள் ஒன்றான மகபூப் கல்லூரி 1862இல் சோமசுந்தர முதலியாரால் தோற்றுவிக்கப்பட்டதாகும். 1893 பிப்ரவரியில் விவேகானந்தர் சொற்பொழிவாற்றியதும் அங்கேயே. எனவே இப்பகுதியில் தமிழர் வாழ்வு அண்மைக் காலத்தது அன்று.

மல்காஜ்கிரியில் வாழும் தமிழ்க் குடும்பத்துக் குழந்தை வீட்டில் தமிழையும், தெருவில் தெலுங்கையும் தக்கினி உருதுவையும் கேட்கின்றது. ஆங்கிலவழிப் பள்ளியில் பயிலுமாயின் அறிவியலை ஆங்கிலத்தில் படிக்கின்றது. தெலங்கானா அரசு 2018இல் இயற்றிய சட்டத்தின்படி தெலுங்கை ஒரு பாடமாகவும் கற்கின்றது. தமிழ்நாட்டில் 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டத்திற்குப் பின் தெலுங்கைத் தாய்மொழியாக உடைய குழந்தைகளின் நிலையும் இதனோடு ஒப்பிடத்தக்கதே. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் வழங்க மாநிலங்கள் முயலவேண்டும் என அரசியலமைப்பின் 350அ பிரிவு கூறுகின்றது. 1956இல் ஏழாம் திருத்தத்தின் வழியாக இப்பிரிவு சேர்க்கப்பட்டது. ஆயினும் நடைமுறையில் இக்குழந்தைகளுள் பெரும்பாலோர்க்குத் தாய்மொழி வீட்டளவில் நின்றுவிடுகின்றது.

பொருட்பாடமும் இயற்கைப் பாடமும்

பெஸ்டலாட்சி (1746-1827) என்னும் சுவிட்சர்லாந்து நாட்டுக் கல்வியாளர், சொல்லைக் கற்பிக்குமுன் பொருளைக் காட்டுதல் வேண்டும் என்றார். அவரைப் பின்பற்றிய எலிசபெத் மேயோ 1830இல் பொருட்பாடங்கள் குறித்த நூலை இங்கிலாந்தில் வெளியிட்டார். ஓர் இலை, ஓர் இறகு, ஒரு கிளிஞ்சல் ஆகியவற்றை மாணவர் கையில் கொடுத்து, அதன் நிறம், வடிவம், தன்மை முதலியவற்றை அவர்களே கூறச் செய்வது இம்முறையாகும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆசிரியப் பயிற்சிப் பள்ளிகளின் வழியாக இம்முறை சென்னை மாகாணத்திற்கும் வந்தது. ஆனால் பொருளைக் காட்டும் பாடமே நாளடைவில் பொருளைப் பற்றிய குறிப்புகளை மனப்பாடம் செய்யும் பாடமாகச் சுருங்கிற்று. இச்சுருக்கம் பின்னரும் பலமுறை நிகழ்ந்துள்ளமையை மேலே காண்போம்.

பொருட்பாடத்தின் குறையை நீக்க எழுந்ததே இயற்கைப் பாட இயக்கம். பறித்த இலையை வகுப்பறையில் காண்பதினும் மரத்திலுள்ள இலையை மரத்தடியில் காண்பது சிறந்தது என இவ்வியக்கத்தார் கருதினர். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த லிபர்டி ஐட் பெய்லியும் அன்னா காம்ஸ்டாக்கும் இவ்வியக்கத்தின் முன்னோடிகள் ஆவர். காம்ஸ்டாக்கின் ஆசிரியர் கையேடு 1911இல் வெளிவந்தது. அடுத்த சில ஆண்டுகளில் இந்தியாவிலும் இக்கருத்து அரசு ஆவணங்களில் இடம் பெற்றது. 1913ஆம் ஆண்டின் இந்திய அரசுக் கல்வித் தீர்மானம், கீழ்நிலைத் தொடக்கப் பள்ளிகளில் எழுத்து, வாசிப்பு, கணக்கு ஆகியவற்றுடன் ஓவியம், ஊர்ப்படம், இயற்கைப் பாடம், உடற்பயிற்சி ஆகியனவும் கற்பிக்கப்பட வேண்டும் என்றது. ஊர்ப்படமும் இயற்கைப் பாடமும் அடுத்தடுத்து வைக்கப்பட்டமை ஈண்டு நினைத்தற்குரியது. தன் ஊரின் படத்தை வரையும் மாணவன் அதிலுள்ள குளத்தையும் தோப்பையும் அறிந்தே வரைதல் வேண்டும்.

உயிர்களையும் அவை வாழும் இடத்தையும் இணைத்துக் காணும் நோக்கிற்குச் செகந்திராபாத்தே ஒரு சிறந்த சான்றினை உலகிற்கு அளித்துள்ளது. 1897 ஆகஸ்டு 20 அன்று பேகம்பேட்டையில் ரொனால்டு ராஸ் என்னும் படை மருத்துவர், மலேரியா நோயாளி ஒருவரைக் கடித்த அனாபிலசு கொசுவின் இரைப்பைச் சுவரில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டார். இக்கண்டுபிடிப்பு 1902இல் அவருக்கு நோபல் பரிசு கிடைக்கக் காரணமாயிற்று. தேங்கிய நீர், அதில் வளரும் கொசுப்புழு, கொசு, அதனுள் வாழும் நுண்ணுயிர், அதனால் நோயுறும் மனிதன் என்னும் தொடர்பினை அறிவிக்க இதனினும் தக்க பாடம் இல்லை. மல்காஜ்கிரி மாணவர்க்கு இது தொலைதூரச் செய்தியும் அன்று.

கலைச்சொல் முயற்சிகள்

இயற்கைப் பாடத்தை இந்திய மொழிகளில் கற்பிக்கும் முயற்சி கலைச்சொல் சிக்கலை எழுப்பியது. தமிழில் இம்முயற்சி யாழ்ப்பாணத்தில் முளைவிட்டது. 1847இல் அங்கு வந்த அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் (1822-1884) மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். உடலியல், அறுவை மருத்துவம், வேதியியல் ஆகிய துறைகளில் தமிழ் நூல்களை உருவாக்கினார். 1875இல் வெளிவந்த 'கெமிஸ்தம்' அவற்றுள் ஒன்று. தமிழில் உள்ள சொல்லை முதலில் தேடுதல், அது கிடைக்காதபோது வடசொல்லையோ ஆங்கிலச் சொல்லையோ தமிழ் ஒலிக்கேற்ப ஆளுதல் என்பது அவர் கடைப்பிடித்த நெறியாகும்.

தமிழகத்தில் இராசகோபாலாச்சாரியார் முதலானோர் 1916இல் சேலத்தில் தமிழ்ச் சாஸ்திர பரிபாஷைச் சங்கத்தைத் தொடங்கினர். தாவரங்களின் இனப்பெருக்கத்தை எளிய நடையில் விளக்கும் 'தாவரங்களின் இல்லறம்' என்னும் நூலையும் அவர் எழுதினார். 1866இல் ஹெக்கல் என்னும் செருமானிய அறிஞர் உயிர்-சூழல் உறவை ஆராயும் துறைக்குப் பெயர் சூட்டியபோது, வீடு என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லையே அடியாகக் கொண்டார். உயிர்களின் வாழ்வை இல்லத்தோடு இணைத்துக் காணும் நோக்கு இரு மொழிகளிலும் தனித்தனியே தோன்றியமை கருதத்தக்கது.

சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் 1938இல் 'கலைச்சொற்கள்' என்னும் தொகுதியை வெளியிட்டது. 1940இல் சீனிவாச சாஸ்திரியார் தலைமையில் அமைந்த அரசுக் குழு வடமொழிச் சார்பு மிக்கது எனத் தமிழறிஞர்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். இவ்விவாதத்தின் பயனாகத் தாவர சாஸ்திரம் தாவரவியலாகவும், பிராணி சாஸ்திரம் விலங்கியலாகவும், ஜீவராசிகள் உயிரினங்களாகவும் மாறின. 1946இல் தொடங்கப்பெற்ற தமிழ் வளர்ச்சிக் கழகம் பெரியசாமித் தூரனைப் பதிப்பாசிரியராகக் கொண்டு கலைக்களஞ்சியத்தையும், அதனைத் தொடர்ந்து குழந்தைகள் கலைக்களஞ்சியத்தையும் பத்துப் பத்துத் தொகுதிகளாக வெளியிட்டது. பெ. நா. அப்புசாமி (1891-1986) அறிவியலைப் பொதுமக்கட்குரிய தமிழில் வாழ்நாள் முழுதும் எழுதினார். தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987இல் தொடங்கிய 'துளிர்' இதழ் இம்மரபைச் சிறுவரிடையே தொடர்ந்தது.

இதே காலத்தில் ஐதராபாத்திலும் பெருமுயற்சி ஒன்று நடைபெற்றது. 1918இல் நிறுவப்பெற்ற உஸ்மானியாப் பல்கலைக்கழகம் உருதுவைப் பயிற்றுமொழியாகக் கொண்டது. அதற்கு முந்திய ஆண்டே தோற்றுவிக்கப்பட்ட மொழிபெயர்ப்புத் துறை, அறிவியல் நூல்களை உருதுவில் பெயர்த்து, கலைச்சொற்களையும் உருவாக்கியது. பிற்காலத்தில் தெலுங்கு அகாதெமி 1968இல் தோன்றித் தெலுங்கில் உயர்கல்வி நூல்களை வெளியிட்டது. ஆகவே நூறாண்டுக் கால அளவில் உருதுவும் தெலுங்கும் தமிழும் ஒரே வகைப் பணியைச் செய்துள்ளன.

இம்முயற்சிகள் அனைத்திற்கும் பொதுவான ஓர் இயல்பு உண்டு. ஆங்கிலக் கலைச்சொல்லுக்கு நேர்ச்சொல் காண்பதிலேயே இவை பெரிதும் கருத்தைச் செலுத்தின. ஒளிச்சேர்க்கை, சுவாசித்தல், வாழிடம் போன்ற கருத்துச் சொற்கள் இவ்வாறு கிடைத்தன. ஆனால் தொடக்கப்பள்ளிப் பாடத்திற்கு முதலில் வேண்டுவது கருத்துச் சொல் அன்று. வாசலில் நிற்கும் மரத்தின் பெயரும், சாளரத்தில் அமரும் பறவையின் பெயருமே முதலில் வேண்டுவன. அப்பெயர்கள் மக்கள் வழக்கில் முன்பே இருந்தமையால் அவற்றைத் தொகுக்கும் தேவையைக் கலைச்சொல் குழுக்கள் பெரிதாக உணரவில்லை எனலாம்.

ஆதாரக் கல்வி முதல் சூழ்நிலையியல் வரை

1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய கல்வி மாநாடும், அதனையொட்டி அமைந்த சாகிர் உசேன் குழுவும் கைத்தொழிலை நடுவாகக் கொண்ட ஆதாரக் கல்வியை வகுத்தன. அத்திட்டத்தில் பொது அறிவியல் என்பது இயற்கைப் பாடம், தாவரவியல், விலங்கியல், உடலியல், நலவழி, வேதியியல், விண்மீன் அறிவு ஆகியவற்றை உள்ளடக்கியதாகும். பருத்தியை நூற்கும் குழந்தை பருத்திச் செடியையும் மண்ணையும் மழையையும் அறியும் என்பது அதன் அடிப்படை. தமிழகத்தில் 1947இல் தொடங்கப்பெற்ற காந்திகிராமம் இக்கல்வியைப் போற்றிய நிலையங்களுள் குறிப்பிடத்தக்கது. எனினும் நாடு முழுதும் பொதுப்பள்ளியாக ஆதாரக் கல்வி நிலைபெறவில்லை.

கோத்தாரி கல்விக் குழு (1964-66) கீழ்வகுப்புகளின் அறிவியல் குழந்தையின் சமூக, இயற்கை, உயிர்ச் சூழலை மையமாகக் கொள்ள வேண்டும் என்றது. 1975இல் தேசியக் கல்வி ஆராய்ச்சிப் பயிற்சிக் குழுமம் வெளியிட்ட பத்தாண்டுப் பள்ளிக் கலைத்திட்டம், சுற்றுப்புறக் கல்வியைத் தொடக்கநிலையின் பாடமாக ஆக்கியது. முதலிரு வகுப்புகளில் அது ஒரே பாடமாகவும், மூன்று முதல் ஐந்து வரை அறிவியல், சமூகவியல் என இரு கூறுகளாகவும் அமைந்தது. 1972இல் ஸ்டாக்ஹோமிலும் 1977இல் திபிலீசியிலும் நடைபெற்ற பன்னாட்டு மாநாடுகள் சுற்றுச்சூழலை உலகளாவிய பொருளாக்கின. 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் இதனை வலியுறுத்திற்று. மேத்தா வழக்கில் உச்சநீதிமன்றம் 1991 நவம்பர் 22 அன்று வழங்கிய ஆணை சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்கப் பணித்தது. 2003 டிசம்பர் 18 அன்று பிறப்பித்த மற்றோர் ஆணையின் வழியாக அதன் பாடத்திட்டத்தை உருவாக்குமாறும் கூறிற்று.

2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பின்படி மூன்று முதல் ஐந்து வகுப்புகளின் சுற்றுப்புறக் கல்வி ஆறு கருப்பொருள்களாக வகுக்கப்பட்டது. குடும்பமும் நண்பரும், உணவு, உறைவிடம், நீர், பயணம், நாம் செய்பவை என்பன அவை. தாவரங்களும் விலங்குகளும் குடும்பமும் நண்பரும் என்னும் முதற்கருப்பொருளின்கீழ் வைக்கப்பட்டன. விலங்கைத் தனித்த அறிவியற் பொருளாகக் காட்டாது, குழந்தையின் உறவு வட்டத்தில் வைத்துக் காட்டிய இவ்வமைப்பு முன்னைய திட்டங்களினின்றும் பெரிதும் வேறுபட்டதாகும். 2020ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கைக்குப் பின், 2024இல் 'நம் வியத்தகு உலகம்' என்னும் பொருள்படும் தலைப்பில் மூன்றாம் வகுப்பிற்குப் புதிய நூல் வந்தது.

மாநில அளவிலும் மாற்றங்கள் நிகழ்ந்தன. ஆந்திரத்து மதனப்பள்ளிக்கு அருகிலுள்ள ரிஷிவேலி கல்வி மையம், ஓராசிரியர் பள்ளிகளுக்கெனச் செயல் அட்டைகளை உருவாக்கிற்று. அதன் முறையைத் தழுவி 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் செயல்வழிக் கற்றல் தொடங்கப்பட்டது. 2007 முதல் அது தமிழகம் முழுதும் பரவியது. தெலுங்குப் பள்ளிகளில் இப்பாடம் 'பரிசரால விஞ்ஞானம்' எனப் பெயர் பெற்றது. தமிழ்நாட்டில் முதலிரு வகுப்புகளுக்கு அது 'சூழ்நிலையியல்' ஆயிற்று. இலங்கையில் 1990களின் இறுதியில் நடைபெற்ற கல்விச் சீர்திருத்தத்தில் 'சுற்றாடல்சார் செயற்பாடுகள்' என்னும் பெயர் நிலைபெற்றது.

இம்மூன்று பெயர்களையும் ஒப்பிடுதல் பயன் தரும். 'பரிசரம்' வடசொல்லாயினும் தெலுங்கில் பொதுவழக்கிலும் உள்ளது. 'சுற்றாடல்' ஈழத்து வழக்கில் அக்கம்பக்கத்தைக் குறிக்கும் இயல்பான சொல். 'சூழ்நிலை' என்பதோ பேச்சுவழக்கில் பெரும்பாலும் 'நேர்ந்துள்ள நிலைமை' என்னும் பொருளில் ஆளப்படுகின்றது. குடும்பச் சூழ்நிலை, அரசியல் சூழ்நிலை என்னும் தொடர்களை நோக்குக. ஆறு வயதுக் குழந்தைக்குச் 'சுற்றுப்புறம்' என்னும் சொல் வீட்டிலேயே அறிமுகமானது. பாடத்தின் நோக்கம் சுற்றுப்புறமே என்றால் அதன் பெயரும் குழந்தை அறிந்த சொல்லாக இருப்பது நலம்.

மரம், செடி, செட்டு

இனி இவ்வரலாற்றை ஒரு சிறு பாடத்தில் வைத்துக் காண்போம். தாவரங்களை அவற்றின் உருவ அளவால் பகுத்தல் தொடக்கப்பள்ளியில் மரபாகக் கற்பிக்கப்படுவது. தமிழில் மரம், செடி, கொடி என்பர். தெலுங்கில் மரத்தைச் 'செட்டு' என்றும், சிறு தாவரத்தை 'மொக்க' என்றும், கொடியைத் 'தீக' என்றும் வழங்குவர். தமிழ்ச் 'செடி'யும் தெலுங்குச் 'செட்டு'ம் கன்னடக் 'கிட'வும் ஒரே வேரின என்பது பரோ, எமனோ ஆகியோரின் திராவிட வேர்ச்சொல் அகராதியால் அறியலாகும். முன்னுயிருக்கு முன் ககரம் சகரமாகத் திரிதல் தமிழிலும் தெலுங்கிலும் காணப்படும் ஒலிமாற்றமே. வேர் ஒன்றாயினும் பொருள் வேறாயிற்று. தமிழன் செடி என்பது சிறியது. தெலுங்கர் செட்டு என்பது ஓங்கி வளர்ந்த மரம்.

மல்காஜ்கிரித் தமிழ்க் குழந்தை பள்ளியில் ஆலமரத்தை 'மர்ரிச் செட்டு' எனக் கேட்டு, வீட்டிற்கு வந்து 'ஆலஞ்செடி' எனக் கூறுமாயின் அது அறியாமை அன்று. இரு மொழிகளின் வகைப்பாடுகள் அதன் மனத்தில் மோதுகின்றன. அறிவியல் பாடத்தின் முதல் வினாவான வகைப்படுத்தல் அந்நேரத்தில் உண்மையாகவே எழுகின்றது. எந்த அளவுகோலால் நாம் ஒன்றை மரம் என்கின்றோம் என்று வினவ ஆசிரியர்க்கு இதனினும் நல்ல வாய்ப்பு இல்லை. விடையைப் பிழை என அடித்துவிட்டால் அவ்வாய்ப்பு நழுவிவிடும்.

வகைப்பாடு குறித்த இத்தகைய சிந்தனை தமிழில் பழமையானது. தொல்காப்பிய மரபியல் உயிர்களை அவற்றின் அறிபுலன்களின் எண்ணிக்கையால் ஓரறிவு முதல் ஆறறிவு வரை பகுக்கின்றது. தாவரங்களை உயரத்தால் பகுக்காமல் வைரம் அமைந்த இடத்தால் பகுக்கின்றது. புறத்தே வைரமுடையன புல் என்றும், அகத்தே வைரமுடையன மரம் என்றும் கொள்ளும் அப்பகுப்பின்படி ஓங்கி வளர்ந்த பனையும் தென்னையும் புல்லினத்தன ஆகின்றன. அவற்றை ஒருவித்திலைத் தாவரங்களாகப் புல்லோடு சேர்த்து வைக்கும் இன்றைய தாவரவியலுக்கு இப்பகுப்பு நெருங்கியதாகும். அளவு ஒன்றே அளவுகோல் அன்று என்பதைத் தொடக்கப்பள்ளியிலேயே ஒரு பனையையும் ஒரு வேம்பையும் காட்டி விளக்கலாம்.

உயிர்ப்பெயர்களில் உறவும் வேறுபாடும் கலந்தே உள்ளன. பாம்பு-பாமு, தேள்-தேலு, ஈ-ஈக, நத்தை-நத்த, வேம்பு-வேப என்பவற்றில் உறவு வெளிப்படை. தவளை-கப்ப, புளி-சிந்த, அரசு-ராவி, கொசு-தோம என்பவற்றில் அது இல்லை. தமிழுக்குள்ளேயே கொசுவை ஈழத்தார் நுளம்பு என்பர். இத்தகைய அட்டவணையை மாணவரே தொகுப்பாராயின் மொழிப்பாடமும் அறிவியல் பாடமும் ஒருங்கே நிகழும். அதற்கு முன்மாதிரியும் ஐதராபாத்தில் உண்டு. பறவையியலறிஞர் சாலிம் அலி தம் வட்டாரப் பறவைக் கணக்கெடுப்புகளை 1931-32இல் ஐதராபாத் சமஸ்தானத்திலிருந்தே தொடங்கினார். ஓரிடத்து உயிர்களை அவ்விடத்திலேயே நின்று எண்ணும் அப்பணியின் சிறுவடிவமே பள்ளி மாணவர்க்கும் உரியது.

ஏரிப் பாடம்

நீர்வாழ் உயிர்களைப் பற்றிய பாடத்தில் குளம் ஒன்றின் படம் இடம்பெறுவது வழக்கம். தெளிந்த நீர், தாமரை, மீன், தவளை, கரையில் கொக்கு என்பவை அப்படத்தில் அமையும். நகர ஏரிக்கு அருகில் வாழும் குழந்தை காண்பதோ வேறு. கழிவுநீர் கலந்த ஏரியில் ஆகாயத்தாமரை படர்ந்து நீர்ப்பரப்பை மூடுகின்றது. தெலுங்கில் இதனைக் 'குர்ரபு தெக்க' என்பர். குதிரைக் குளம்பு என்பது அதன் பொருள். தென்னமெரிக்காவிலிருந்து அழகிற்காகக் கொண்டுவரப்பட்ட இச்செடி, கழிவுநீரின் உரச்சத்தை உண்டு விரைந்து பெருகும். அதன் அடியில் ஒளியும் உயிர்வளியும் குறைய, மீன்கள் குறைகின்றன. மீன்கள் குறையக் கொசுப்புழுக்கள் பெருகுகின்றன. ராஸ் கண்ட கொசுத் தொடர்பு இவ்வாறு குழந்தையின் தெருவிலேயே தொடர்கின்றது.

படத்திலுள்ள குளத்தை மட்டும் கற்ற குழந்தை தேர்வில் முழு மதிப்பெண் பெறக்கூடும். அருகிலுள்ள ஏரியைக் கண்ட குழந்தையோ உயிர்களுக்கும் அவற்றின் இடத்திற்கும் உள்ள உறவையும், அவ்வுறவு சிதைவதற்குரிய காரணத்தையும் அறியும். 1913 முதல் 2005 வரை வெளிவந்த திட்டங்கள் யாவும் இரண்டாவது வகைக் கல்வியையே வேண்டின. மாநிலம் முழுமைக்கும் ஒரே பாடநூல், ஒரே வினாத்தாள் என்னும் அமைப்போ முதல் வகையையே எளிதாக்கிற்று. பொருட்பாடம் மனப்பாடமாகச் சுருங்கிய அதே நிகழ்ச்சி இவ்வாறு மீண்டும் நிகழலாயிற்று.

ஏரிக்கு மற்றொரு முகமும் உண்டு. புரட்டாசி-ஐப்பசிப் பருவத்தில் தெலங்கானாப் பெண்கள் பதுகம்மா விழாவில் மலர்களை அடுக்கி, பாடி ஆடி, நீர்நிலைகளில் விடுகின்றனர். அம்மலர்களுள் முதன்மையானது 'தங்கேடு'. 2014இல் தெலங்கானா அரசு இதனை மாநில மலராக அறிவித்தது. இதுவே தமிழர் பொங்கல் காப்பில் சேர்க்கும் ஆவாரம்பூ. அதே அறிவிப்பில் மாநில மரமான 'ஜம்மி' தமிழர் வன்னி மரமாகும். மாநிலப் பறவையான 'பாலபிட்ட' தமிழர் பனங்காடையாகும். பள்ளியில் மாநிலச் சின்னங்களை மனப்பாடம் செய்யும் தமிழ்க் குழந்தைக்கு, தங்கேடும் தன் பாட்டி கூறும் ஆவாரையும் ஒன்றே என எவரும் உணர்த்தவில்லை எனில், ஒரே செடி இரண்டாகப் பிரிந்து நிற்கும். ஒன்று விடைத்தாளுக்குரியது, மற்றொன்று வீட்டிற்குரியது. இரண்டையும் இணைக்கும் அறிவே இப்பாடத்தின் பயன் ஆகும்.

முடிவுரை

தொடக்கப்பள்ளி உயிரினப் பாடம் பொருளிலிருந்து இயற்கைக்கும், இயற்கையிலிருந்து சுற்றுப்புறத்திற்கும், அதிலிருந்து சூழலுக்கும் விரிந்து வந்துள்ளது. ஒவ்வொரு காலகட்டத்திலும் குழந்தையின் இடமே நூல் என்னும் கருத்து புதுப்பிக்கப்பட்டது. ஒவ்வொரு முறையும் அச்சிட்ட நூல் அவ்விடத்தை மறைத்தது. கலைச்சொல் முயற்சிகள் கருத்துச் சொற்களை நமக்கு அளித்தன. வட்டார உயிர்ப்பெயர்களைத் தொகுக்கும் பணி எஞ்சி நிற்கின்றது.

இப்பணிக்குப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. பள்ளியின் ஒரு கல் தொலைவில் உள்ள ஐம்பது தாவரங்கள், முப்பது விலங்குகள் ஆகியவற்றின் பெயர்களை அவ்வகுப்பிலுள்ள மாணவர்களின் எல்லா வீட்டுமொழிகளிலும் ஓர் அட்டவணையாக எழுதி வகுப்பறைச் சுவரில் வைத்தல் முதற்படி. மாணவர்தம் தாய் தந்தையரும் பாட்டன் பாட்டியரும் அதற்குத் தகவலாளர் ஆவர். இத்தகைய அட்டவணைகளைத் திரட்டி ஒப்பிட்டு, பன்மொழி உயிர்ப்பெயர் அகராதியாக்குதல் மொழி நிறுவனங்கள் மேற்கொள்ளத்தக்க அடுத்த படி. மல்காஜ்கிரியிலுள்ள தமிழ்க் குழந்தைக்கு அது எவ்வளவு தேவையோ, அவ்வளவு தேவை ஓசூரிலுள்ள தெலுங்குக் குழந்தைக்கும் உண்டு. வீட்டில் ஆவாரையைப் பெயர் சொல்லிக் காட்டுவோர் இருக்கும்போதே இப்பணியைத் தொடங்குதல் வேண்டும்.